குன்னூரிலிருந்து கடலுக்கு: வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகப் போய்வர

ஊட்டிப் பக்கம் உறைபனி விழுகிற ஜனவரி அது. குன்னூரில் எங்கள் வீட்டுக்குள் பகல் பதினொரு மணிக்கும் ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை. இரண்டு வயதுப் பையனுக்கு மார்கழி முழுக்க மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது, கன்னமெல்லாம் வெடித்துவிட்டது. எனக்கு ஐந்தாம் மாதம். "நாலு நாள் கீழே போய், கடல் பக்கம் இருந்துட்டு வரலாமா?" என்று அவர் கேட்டார். "மாசமா இருக்கிறவளுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?" என்று அத்தை கேட்டார். இரண்டுமே நியாயமான கேள்விதான். போனோம், நல்லபடியாகத் திரும்பியும் வந்தோம். ஆனால் கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் அங்கே போய்த்தான் தெரிந்தன. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இதே நிலையில் இருக்கிற பெண்களுக்காக அவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடலுக்குப் போகிறோம் என்றால் எல்லோரும் அலையைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். மலையில் இருக்கிற நமக்கு அலையைவிட முதலில் வந்து நிற்பது வெயில். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2,240. பல வீடுகளில் மின்விசிறியே கிடையாது. அப்படி வாழ்ந்த உடம்பை ஒரே நாளில் கடற்கரைப் புழுக்கத்தில் கொண்டுபோய் இறக்குகிறோம். வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரம், இரண்டு வாரம் பிடிக்கும். கர்ப்பிணி உடம்பில் ஏற்கெனவே சூடு கொஞ்சம் கூடுதல். சின்னப் பிள்ளைக்கோ தாகம் என்று சொல்லத் தெரியாது. இந்தப் பயணத்தில் செய்ய வேண்டிய பாதி வேலை இந்த ஒன்றைச் சமாளிப்பதுதான்.

டிக்கெட் போடும் முன் டாக்டர்

டாக்டரிடம் "போகலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த ஊர், எத்தனை மணி நேரப் பயணம், எத்தனை நாள் என்று சொல்லிக் கேளுங்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருந்தால், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தால், உதிரப்போக்கு இருந்தால், இரத்த அழுத்தம் அதிகமாக இருந்தால், முதல் பிரசவம் குறைமாதத்தில் ஆகியிருந்தால், வயிற்றில் இரட்டைக் குழந்தை என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். கடல் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் நல்ல காலம் 14-லிருந்து 28-ஆம் வாரம் வரை. மசக்கை அடங்கியிருக்கும், வயிறும் இன்னும் பாரமாகியிருக்காது. நான் அதிலும் குறுக்கிப் பார்த்தேன். 20-ஆம் வாரத்தை ஒட்டி எடுக்கிற பெரிய ஸ்கேன் முடிந்து, 24-ஆம் வாரத்துக்குப் பிறகு எடுக்கிற சர்க்கரைச் சோதனைக்கு முன்னால், ஏழாம் மாத வளைகாப்புப் பேச்சு வீட்டில் தொடங்குவதற்கும் முன்னால் என்று நான்கு வாரம் கிடைத்தது. 22-ஆம் வாரத்தில் போனோம்.

விமானம் என்றால் பெரும்பாலும் 28 வாரத்துக்கு மேல் டாக்டர் சான்று கேட்பார்கள், 36-ஐ ஒட்டி ஏற்றவே மாட்டார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும், முன்பே கேட்டுவிடுங்கள்.

எந்த மாதம், எந்தக் கடல்

ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை போவது நல்லது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் கிழக்குக் கரை புயலும் மழையுமாக இருக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கேரளக் கரையில் கடல் கொந்தளிக்கும். ஏப்ரல், மே மாதத்தில் பள்ளி விடுமுறை கிடைக்கிறது என்று கடலுக்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். கத்திரி வெயிலுக்குச் சமவெளிக்காரர்களே நம் மலைக்கு ஓடி வருகிறார்கள்.

நீலகிரியிலிருந்து பார்த்தால் கிட்டத்தில் இருப்பது அரபிக்கடல். கூடலூர்க்காரர்களுக்கு நாடுகாணி இறங்கி நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடு அரை நாளுக்குள் வந்துவிடும். குன்னூர், கோத்தகிரி என்றால் கோயம்புத்தூர் இறங்கி ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். நாங்கள் கோழிக்கோட்டுக்கு வடக்கே இருக்கும் காப்பாடு போனோம். 1498-இல் வாஸ்கோடகாமா வந்து இறங்கியதாகச் சொல்லப்படும் கரை அது. நான் தேர்ந்தெடுத்த காரணம் வேறு. 2020-இல் இந்தியாவில் முதன்முதலாக நீலக்கொடிச் சான்று பெற்ற எட்டுக் கடற்கரைகளில் காப்பாடும் ஒன்று. அந்தச் சான்றுக்குத் தண்ணீர்ச் சுத்தம், கழிப்பறை, உயிர்காப்பாளர் எல்லாம் இருக்க வேண்டும். கழிப்பறை அருமை மாசமாக இருக்கிறவளுக்குத்தான் தெரியும். அடுத்த காரணம், கொயிலாண்டியில் தாலுகா மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. கோழிக்கோட்டில் அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் தாய் சேய் நல நிலையமும் இருக்கின்றன. எந்தக் கடலுக்குப் போனாலும் இப்படிப் பாருங்கள்: பிரசவ வார்டும் குழந்தை மருத்துவரும் உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே போக வேண்டும் என்றால் சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரைக்கும் 2021-இல் இதே நீலக்கொடி கிடைத்தது. இராமநாதபுரம் பக்கம் அரியமானில் பாக் நீரிணை குளம்போல் அமைதியாக இருக்கும், சவுக்கு நிழலும் உண்டு. ஆனால் நமக்கு அது நீண்ட பயணம். தனுஷ்கோடியில் கரையில் நின்று பாருங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். மெரினாவிலும் அப்படித்தான்.

கன்னியாகுமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் 'கள்ளக்கடல்' என்று ஒன்று உண்டு. வெகு தூரத்தில் அடித்த காற்றின் அலை, இங்கே காற்றே இல்லாத நல்ல வெயில் நாளில் திருடனைப் போல வந்து கரையேறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அப்படிக் கடல் சீறிய நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுகிறது. போகிற வாரம் செய்தியில் பாருங்கள், மீனவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் படகை மேலே இழுத்து வைத்திருந்தால் நீங்களும் மேலேயே இருங்கள்.

அறை

"கடலோரம்" என்று படம் போட்டிருந்த ஓர் அறையை முதலில் எடுத்தோம். போய்ப் பார்த்தால் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கடல் ஜன்னலில் ஒரு கோடாகத் தெரிந்தது. பன்னிரண்டு கிலோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஒருமுறை ஏறியதுமே முதுகு பிடித்துக்கொண்டது. கட்டிய பணத்தில் பாதியை விட்டுவிட்டு மறுநாள் இடம் மாறினோம்.

அதனால் போனில் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். தரைத்தளமா? ஏ.சி. இருக்கிறதா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடுமா? வெஸ்டர்ன் டாய்லெட்டா, குளியலறைத் தரை வழுக்குமா? ஜன்னலில் கொசுவலை உண்டா? கொதிக்க வைத்த தண்ணீர் கிடைக்குமா? நீச்சல் குளம் இருந்தால் அதைச் சுற்றிக் கம்பியும் பூட்டும் உண்டா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அறைக் கதவுக்கு எதிரிலேயே திறந்த குளம் இருப்பது, இரண்டு வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்குக் கடலைவிடப் பெரிய ஆபத்து.

பை

மேலேயே இருக்க வேண்டியது தாய் சேய் நல அட்டை, அதில் கர்ப்பத்தை அரசில் பதிவு செய்த பிக்மி எண், கடைசி ஸ்கேன் ரிப்போர்ட், இரத்த வகை, டாக்டர் கையெழுத்திட்ட ஒரு சீட்டு. எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நாள் கணக்குக்கு இரண்டு நாள் கூட்டி எடுங்கள்.

பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஜிங்க் மருந்து, எடைக்குத் தகுந்த அளவு எழுதி வாங்கிய பாராசிட்டமால், காய்ச்சல் பார்க்கும் கருவி, கைமுழுக்க மூடும் மெல்லிய பருத்திச் சட்டைகள், அகல விளிம்புத் தொப்பி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பருத்திச் சட்டையே குறைவாகத்தான் இருக்கும். என் பையனுடைய அலமாரியில் பாதி கம்பளி. கிளம்பும் முன் நான்கு சட்டை வாங்க வேண்டியிருந்தது.

நீலகிரி தைலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் சளிக்கும் கொசுவுக்கும் அதுதான் கைமருந்து. கொசுவுக்கு அதை நம்ப முடியாது, வாசம் அடங்கியதும் கொசு வந்துவிடும். பிள்ளை அந்தப் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் குடித்துவிட்டால் வலிப்பே வரலாம். அதை வீட்டில் உயரமான அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கொசுவுக்கு டீட் அல்லது பிகாரிடின் உள்ள பூச்சு வாங்குங்கள். லேபிளில் எழுதியுள்ளபடி பூசினால் கர்ப்பிணிக்கும் ஆகும், பிள்ளைக்கும் ஆகும். பிள்ளையின் உள்ளங்கையில் மட்டும் பூசாதீர்கள், கை நேராக வாய்க்குத்தான் போகும்.

மலை இறங்குவது

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவு. கோத்தகிரி வழியில் வளைவு குறைவு, உலுக்கலும் குறைவு. கொஞ்சம் சுற்றானாலும் நான் கோத்தகிரி வழியையே சொல்வேன். சீசன் சமயத்தில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளைப் போலீசே கோத்தகிரி பக்கம் திருப்பிவிடுவது வழக்கம். மலை ரயிலில் இறங்குவது அழகுதான். ஆனால் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய உடம்புக்கு நினைத்த இடத்தில் நிறுத்தக்கூடிய கார்தான் தோது. பஸ் என்றால் முன்பக்கம், இரண்டு சக்கரத்துக்கு நடுவில் வருகிற இருக்கை. கடைசி சீட்டில் மட்டும் உட்காராதீர்கள்.

காரில் பெல்ட் போடாமல் இருக்காதீர்கள். வயிற்றை அமுக்கும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே தொடை ஓரமாக, மேல்பட்டை மார்புக்கு நடுவே போய் வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். பிள்ளையை மடியில் வைத்து இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட் போடக் கூடாது. வண்டி எதிலாவது மோதினால் உங்கள் எடை முழுவதும் அந்தப் பிள்ளைமேல் விழும். பின்சீட்டில் பிள்ளைக்கென்று தனி சைல்டு சீட் வைப்பதுதான் சரி. இரவல் வாங்கியாவது வையுங்கள்.

நாங்கள் அன்று குன்னூர் வழியிலேயே இறங்கினோம். எங்கள் பையன் பர்லியாறு வருவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தான். தப்பு என்னுடையது. கிளம்பும் அவசரத்தில் ஒரு டம்ளர் பால் முழுதாகக் கொடுத்திருந்தேன். பர்லியாறு பழக்கடைகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, முகம் கழுவி, இறக்கி நடக்கவிட்டோம். அங்கேயே காற்று மாறிவிட்டது. ஸ்வெட்டரைக் கழற்றியதும் அவன் தன் கையையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டான்.

ஆகவே, கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இட்லியோ ரஸ்க்கோ கொஞ்சமாகக் கொடுத்துவிடுங்கள். பால் வேண்டாம். இறங்கும்போது பிள்ளைக்குக் காது அடைத்து அழும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கக் கொடுங்கள், தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை என்றால் வண்டியை நிறுத்திப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது விடும். பயண வாந்திக்குக் கடையில் கேட்டதும் தருகிற புரோமெத்தசின் வகை மருந்து இரண்டு வயதுக்குக் கீழே கூடவே கூடாது. உங்களுக்கு என்ன மாத்திரை ஆகும் என்பதை டாக்டரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிவாரத்தில் ஒரு ராத்திரி

ஒரே நாளில் கடலுக்குப் போய்விடாதீர்கள். மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ ஒரு இரவு தங்குங்கள். நாங்கள் நாத்தனார் வீட்டில் தங்கினோம். மலைக்கும் கடலுக்கும் நடுவில் கோயம்புத்தூர் வெயில் ஒரு படி மாதிரி. அதில் ஒரு நாள் நின்றுவிட்டுப் போனால் உடம்பு அவ்வளவாகத் திணறாது.

ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே, தனி இருக்கை கேட்காத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம். இரவு ரயில் என்றால் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. டாக்டர் சான்றோடு முன்பதிவு மையத்தில் கேளுங்கள். கர்ப்பகாலத்தில் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு சாதாரண நாளைவிட அதிகம். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள், ஒன்று ஒன்றரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ஷொரணூர் தாண்டிப் பாரதப்புழை ஜன்னலில் வரும்போது பையனுக்குக் காட்டுகிற சாக்கில் நானும் எழுந்து நின்றேன். அவனுக்கு வேடிக்கை, என் காலுக்கு அசைவு.

முதல் இரண்டு நாள்

இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் ஒன்றும் செய்யாதீர்கள்.

நான் செய்தேன். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கரைக்குப் போய், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பன்னிரண்டு வரை இருந்துவிட்டேன். கடற்காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வியர்வை தெரியவே தெரியாது. அறைக்கு வந்து குனிந்து செருப்பைக் கழற்றும்போது அடிவயிறு கல்போல இறுகியது. விட்டது. பத்து நிமிடத்தில் மறுபடி. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் ஏ.சி.யைப் போட்டு, என்னை இடது பக்கமாகப் படுக்க வைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கலக்கி, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். குன்னூரில் பார்க்கிற டாக்டருக்கு போன் போட்டோம். "ஒரு மணி நேரம் பாருங்கள். நிற்காமல் வந்தாலோ, நீர் கசிந்தாலோ, உதிரம் பட்டாலோ உடனே ஆஸ்பத்திரி" என்றார். முக்கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. ஊரில் சூட்டு வலி என்கிறார்களே, அதுதான். உடம்பில் தண்ணீர் குறைந்தால் கர்ப்பப்பை இப்படி இறுகும். சூட்டு வலிதான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். தண்ணீர், ஓய்வு, ஒரு போன், அதற்கும் அடங்காவிட்டால் வண்டி.

அன்றிலிருந்து வைத்துக்கொண்ட கணக்கு இது. காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை கரை. மாலை நாலரைக்கு மேல் மறுபடி கரை. நடுவில் அறை, நிழல், தூக்கம். குளிர் ஊரில் நாம் தாகம் எடுத்தால்தான் குடிப்போம், அந்தப் பழக்கம் இங்கே உதவாது. ஒரு நாளைக்கு இரண்டரை மூன்று லிட்டர், மணிக்கு ஒரு டம்ளர் என்று பிரித்துக் குடியுங்கள். சிறுநீர் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்திருந்தால் போதுமான தண்ணீர் போகிறது. மஞ்சள் ஏறினால் குறைவு. எரிச்சலோடு போனால் 'நீர்க்கடுப்பு, இளநீர் குடித்தால் சரியாகிவிடும்' என்று விடாதீர்கள். கர்ப்பகாலத்தில் சிறுநீர்த் தொற்று குறைப்பிரசவம் வரை இழுத்துப்போகும், அதற்கு மருந்து வேண்டும். பிள்ளைக்கு டயப்பரைப் பாருங்கள். ஆறு மணி நேரமாக நனையவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் குழிந்திருக்கிறது என்றால் உடனே டாக்டர்.

பையனுக்கு இரண்டாம் நாளே கழுத்தில் வேர்க்குரு. பவுடர் கொட்டாதீர்கள். நல்ல தண்ணீரில் துடைத்து, சட்டையில்லாமல் மின்விசிறிக்கடியில் விடுங்கள், அடங்கிவிடும். உங்கள் முகத்தில் மங்கு விழுவது கர்ப்பகாலத்தில் சகஜம், வெயில் அதைக் கருக்கிவிடும். ஜிங்க் ஆக்சைடு உள்ள, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் இருவருக்கும் ஆகும். முதலில் அது, அது காய்ந்த பிறகு கொசுப் பூச்சு.

கரையில்

முதன்முதலாக மணலில் இறக்கியபோது பையன் கால் வைக்கவே இல்லை. கோழிக்குஞ்சு மாதிரி இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். தேயிலைத் தோட்டத்து ஈரமண்ணில் நடந்த பிள்ளைக்கு, அழுத்தினால் விலகுகிற தரை புதிது. நான் உட்கார்ந்து என் கால்மேல் அவனை உட்கார வைத்து, ஒரு கை மணலை அவன் பாதத்தில் மெதுவாகச் சொரிந்தேன். மூன்றாவது கை மணலுக்கு அவனே குனிந்து அள்ளினான். அவசரப்படுத்தாதீர்கள். முதல் நாள் மணல், அடுத்த நாள் நுரை, அதற்கடுத்த நாள்தான் அலை.

தண்ணீர்ப் பக்கம் பிள்ளை இருக்கும்போது ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர் கையில் போன் இருக்கக் கூடாது. அந்தப் பெரியவர் நீங்களாக இருக்கவும் கூடாது. வயிறு முன்னால் தள்ளுவதால் உடம்பின் நிலை மாறிவிடுகிறது, மூட்டுகளும் தளர்ந்திருக்கும். அலை பின்வாங்கும்போது காலுக்கடியில் மணல் கரையும், அந்த நேரத்தில் பன்னிரண்டு கிலோவை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வோம். "இப்ப நீங்க பார்க்கறீங்க" என்பேன், "நான் பார்க்கறேன்" என்று அவர் பதில் சொன்ன பிறகுதான் கையை விடுவேன். தண்ணீரில் முங்குகிற பிள்ளை கத்தாது, சத்தமே வராது. காற்றடித்த ரப்பர் வளையத்தை நம்பாதீர்கள், கரைக்காற்று அதைப் பிள்ளையோடு உள்ளே தள்ளிவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு, சிவப்புச் சட்டை போடுங்கள். நீலமும் வெள்ளையும் தண்ணீரில் தெரியாது.

நீங்கள் முழங்கால் அளவுத் தண்ணீரில், யாராவது கைபிடித்திருக்க, நிற்கலாம். அந்தக் குளிர்ச்சி இடுப்பு வலிக்கு இதமாக இருக்கும். ஸ்பீட் போட், வாழைப்பழப் படகு, பாராசூட்டில் பறப்பது, ஸ்கூபா எதுவும் வேண்டாம். மணலில் மல்லாந்து படுக்காதீர்கள். ஐந்தாம் மாதத்துக்கு மேல் கர்ப்பப்பையின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும், ஒருக்களித்துப் படுங்கள். பிள்ளையைத் தூக்க வேண்டிவந்தால் குனியாமல் குந்தித் தூக்குங்கள். செருப்பைக் கழற்றாதீர்கள். நாய் அசிங்கப்படுத்திய மணலில் கொக்கிப்புழு இருக்கும், பாதத்தோலைத் துளைத்தே உள்ளே போய் அரிப்பைக் கிளப்பும்.  கரையில் ஒதுங்கிய சொறிமீனை (ஜெல்லி மீன்) பிள்ளை தொட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவி டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாடும் கொசுவும்

நல்ல மீன் கிடைக்கிற ஊரில் மீனை ஒதுக்க வேண்டாம். மத்தி, நெத்திலி, அயிலை இரண்டு உயிருக்கும் நல்லது. சுறாவும் வஞ்சிரமும் மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், கர்ப்பகாலத்தில் தவிர்த்துவிடுங்கள். பால் சுறாப் புட்டு பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கண் எதிரில் வெந்து சூடாக வருவதைச் சாப்பிடுங்கள். வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட சர்பத், கரையோரத் தள்ளுவண்டியில் உப்பு மிளகாயில் ஊறிய மாங்காய் எல்லாம் நாக்கை இழுக்கும். எனக்கும் இழுத்தது. ஆனால் கெட்ட தண்ணீரில் வருகிற ஹெபடைட்டிஸ் ஈ என்ற மஞ்சள் காமாலை மற்றவர்களுக்குச் சில வாரத்தில் போய்விடும், கர்ப்பிணிக்கு உயிருக்கே ஆபத்து. மாங்காயை அறைக்கு வாங்கிவந்து கழுவி நானே வெட்டிச் சாப்பிட்டேன். கேரளத்தில் கேட்காமலே கொதிக்க வைத்த தண்ணீர் தருவார்கள். மூலிகை போட்டுச் சிவந்திருந்தால், வெறும் தண்ணீராகக் கேட்டு வாங்குங்கள். இளநீரை உங்கள் முன்னால் வெட்டச் சொல்லிக் குடியுங்கள்.

பிள்ளைக்கு வயிறு கெட்டால் ஒவ்வொரு முறை போன பிறகும் ஓ.ஆர்.எஸ்.: இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, மேலே 100 முதல் 200 மில்லி, ஸ்பூனால் மெதுவாக. ஜிங்க் 14 நாள். இரத்தம் கலந்து போனால் காத்திருக்காதீர்கள்.

கொசுவை மலையில் நாம் பெரிதாக மதிப்பதில்லை. கீழே டெங்குக் கொசு பகலில் கடிக்கும், மலேரியாக் கொசு இரவில் கடிக்கும், கர்ப்பிணியை அது தேடி வந்து கடிக்கும். கொசுவலையை வீட்டிலிருந்தே எடுத்துப் போனோம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் போடாமல் அன்றைக்கே இரத்தச் சோதனை.

உதிரம், நீர்க்கசிவு, விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், வயிற்றுப் பிள்ளையின் பழகிய துடிப்பு குறைவது: இதில் எது வந்தாலும் 108. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதே எண்தான்.

திரும்பி ஏறுவது

ஸ்வெட்டரைப் பையின் அடியில் போட்டுவிடாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் வியர்த்த சட்டையோடு ஏறிக் குன்னூரில் இறங்கினால் பிள்ளைக்கு அன்றிரவே சளி பிடிக்கும் என்பார் அத்தை. பர்லியாற்றில் நிறுத்தி உலர்ந்த சட்டை மாற்றி, குல்லாவும் போட்டுவிட்டோம். கோயம்புத்தூர் டாக்சியில் ஏறினால் அந்த வண்டிக்கு நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று புறப்படும் முன்பே கேளுங்கள். 2024 மே முதல் வெளி வண்டிக்கு அது கட்டாயம், நீலகிரிப் பதிவெண்ணான டி.என்.43 வண்டிக்கு வேண்டாம். கரையில் வாங்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். பிள்ளையின் தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த பிறகு ஒரு மாதத்துக்குள் உங்களுக்கோ பிள்ளைக்கோ காய்ச்சல் அடித்தால், மலையில் எல்லோரும் அதைக் குளிர்க்காய்ச்சல் என்றுதான் நினைப்பார்கள், டாக்டரும் முதலில் அப்படித்தான் பார்ப்பார். நாற்காலியில் உட்கார்ந்ததும் "கடலோரம் போய் வந்தோம், இன்ன தேதியில்" என்று சொல்லிவிடுங்கள். மலேரியாவும் டெங்குவும் பார்க்க அவருக்கு அந்த ஒரு வரி போதும்.